ஆண்டு விழாவும் உண்டியலும்

1

சிறிய நாடகக் குழு ஒன்று தன் இருபத்தைந்தாம் ஆண்டை எட்டிவிட்டால் ஒரு மலர் போடுகிறது. முதலில் வாழ்த்துச் செய்திகள். பிறகு இதுவரை மேடையேற்றிய நாடகங்களின் பட்டியல், மங்கிய புகைப்படங்கள், காலமான நடிகர்களுக்கு அஞ்சலி. கடைசிப் பக்கத்தில் வேண்டுகோள்: இந்தப் பணி தொடர உங்கள் ஆதரவு தேவை. மலரை வாசிக்கிறவன் பட்டியலைப் பார்த்து மலைத்து, புகைப்படத்தைப் பார்த்து நெகிழ்ந்து, கடைசிப் பக்கத்துக்கு வரும்போது சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறான். இத்தனை நாள் தாக்குப்பிடித்ததே ஒரு தகுதி என்று அவனுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. தாக்குப்பிடிப்பது ஒரு கலைத் தகுதியா என்று அவன் கேட்பதில்லை. விழாவில் அப்படிக் கேட்பது அநாகரிகம்.

கேட்டுத்தான் ஆக வேண்டும். கொடுக்கிறவன் பணத்தோடு இன்னொன்றையும் சேர்த்துக் கொடுக்கிறான். அது ரசீதில் இராது. பல சமயம் கொடுக்கிறவனுக்கே அது இன்னதென்று தெரியாது. தான் விரும்புகிற நாடகம் எப்படிப்பட்டது என்ற எண்ணம், தன்னைச் சங்கடப்படுத்தமாட்டார்கள் என்ற நம்பிக்கை, மேடையில் தன் முகம் கொஞ்சம் அழகாகத் தெரியும் என்ற எதிர்பார்ப்பு, எல்லாம் அதில் அடங்கும். பணத்தை வாங்கிக்கொண்டு அந்த இன்னொன்றை ஒரு குழு என்ன செய்கிறது என்பதில்தான் அதன் தரம் தெரியவரும். பட்டியலின் நீளத்தில் தெரிவதில்லை.

இதைப் பொதுப்படையாகப் பேசிக்கொண்டிருந்தால் உபதேசமாகிவிடும். ஒரே ஒரு உதாரணத்தைக் கடைசிவரை பிடித்துக்கொண்டு போகலாம் என்று நினைக்கிறேன். டப்ளின் நகரத்து ஆபி தியேட்டர். இன்று அது அயர்லாந்தின் தேசிய நாடகசாலை. 1904 டிசம்பர் 27ல் திரை விலகியபோது அது 562 இருக்கைகள் கொண்ட ஓர் உள்ளூர்க் கொட்டகை. ஒரு தொழிலாளர் மன்றத்தின் பழைய அரங்கையும் பக்கத்தில் பிணக்கிடங்காக இருந்த கட்டடத்தையும் சேர்த்துச் செப்பனிட்டது. நம்மில் ஆங்கில இலக்கியம் படித்தவர்கள் யேட்ஸின் கவிதையையும் ஸிங்கின் நாடகத்தையும் பரீட்சைக்காகப் படித்திருக்கிறோம். இவர்களுடைய பேரேட்டை யாரும் பாடமாக வைப்பதில்லை. ஆனால் அந்தப் பேரேட்டை ஒட்டி நடந்த சண்டைகளில்தான் அந்த நாடகங்கள் என்ன வகையானவை என்பது பளிச்சென்று தெரிகிறது.

2

ஆபிக்குத் தாய் வீடு ஃபே சகோதரர்களின் குழு. வில்லியம் ஃபே பகலில் மின்சார வேலை செய்தவர். ஃப்ராங்க் ஃபே ஓர் அலுவலகத்தில் எழுத்து வேலை பார்த்தவர். நடிகர்களும் அப்படித்தான்: குமாஸ்தாக்கள், கடைச் சிப்பந்திகள். சாயங்காலத்துக்குமேல் ஒத்திகை. 1902 ஏப்ரலில் இவர்கள் 'கேத்லீன் நி ஹூலிஹன்' நாடகத்தைப் போட்டபோது யேட்ஸ் தான் தேடிக்கொண்டிருந்த நடிப்பைக் கண்டார். அசைவைக் குறைத்து, பேச்சைப் பேச்சாகக் கேட்கவைக்கும் நடிப்பு. இந்தக் குழுவுக்கு அந்த ஆண்டில் நாடகம் எழுதிக் கொடுத்தவர்களில் ஜேம்ஸ் கஸின்ஸும் ஒருவர். யேட்ஸுக்கு அவர் எழுத்து பிடிக்கவில்லை. அவர் ஒதுங்கவேண்டி வந்தது. 1915ல் சென்னைக்கு வந்து அன்னி பெசண்டின் 'நியூ இந்தியா'வில் வேலைக்கு அமர்ந்து, 1916 டப்ளின் எழுச்சியைப் பாராட்டி எழுதியதற்காக அந்த வேலையையும் இழந்த அதே கஸின்ஸ்தான். ஆபியின் வரலாற்றில் கழித்துக்கட்டப்பட்டவர்களின் பட்டியல் ஒன்று தயாரித்தால் அதில் முதல் சில பெயர்களில் இவர் பெயரும் வரும்.

கட்டடத்தை வாங்கிக் கொடுத்தவர் ஆனி ஹார்னிமன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி. தேயிலை வியாபாரக் குடும்பத்துச் சொத்து. யேட்ஸின் கலையில் அவருக்கு இருந்த ஈடுபாடு உண்மையானது. வாடகை கேட்கவில்லை, 1905ல் நடிகர்களுக்குச் சம்பளம் தரவும் அவர் பணம் உதவிற்று. அவருக்கு இரண்டு எண்ணங்கள் இருந்தன. ஒன்று, நாடகசாலைக்குள் அரசியல் நுழையக் கூடாது. இரண்டு, ஆறு பென்ஸ் டிக்கெட் கூடாது. குறைந்தது ஒரு ஷில்லிங். மட்டமான கூட்டம் வந்து மட்டமான நாடகம் கேட்கும் என்ற பயம். டப்ளினில் மற்றக் கொட்டகைகளில் ஆறு பென்ஸுக்கு இடம் உண்டு. நாடகங்களோ குடியானவர்களையும் நாடோடிகளையும் பற்றியவை. அவர்களை மேடையில் பார்க்கலாம். பக்கத்து இருக்கையில் பார்க்கக் கூடாது. இருக்கைகள் காலியாகக் கிடந்தன. 1906ல் ஆறு பென்ஸ் டிக்கெட் வந்தது. கொடுத்தவரின் மனத்தில் இருந்த நாடகசாலைக்கும் அவர் பணத்தில் உருவான நாடகசாலைக்கும் இடையில் விழுந்த முதல் விரிசல் இந்த ஆறு பென்ஸ்தான்.

இதற்கு முன்பே வேறொரு புரவலருடன் தகராறு தொடங்கிவிட்டது. அந்தப் புரவலருக்குப் பெயர் தேசம். 1903 அக்டோபரில் ஸிங்கின் 'பள்ளத்தாக்கின் நிழலில்' மேடையேறியது. கிழட்டுக் கணவனை விட்டு ஒரு நாடோடியோடு கிளம்பிப் போகிற பெண். ஐரிஷ் பெண் அப்படிச் செய்யமாட்டாள் என்று தேசியவாதிகள் கொதித்தார்கள். மாட் கான் வெளியேறினார். சில நடிகர்கள் விலகினார்கள். 1907 ஜனவரியில் 'பிளேபாய் ஆஃப் தி வெஸ்டர்ன் வேர்ல்ட்' போட்டபோது உள்ளாடையைக் குறிக்கும் ஒரு சாதாரண வார்த்தைக்காகக் கொட்டகை அமளிக்காடாயிற்று. ஒரு வாரம் முழுக்க அமளியும் போலீஸும். போலீஸை அழைத்தது தேசியவாதிகள் கண்ணில் இன்னொரு குற்றம். அந்தப் போலீஸ் அந்நிய அரசாங்கத்தின் போலீஸ். தேசம் இந்த நாடகசாலைக்குக் காசு கொடுக்கவில்லைதான். ஆனால் நடிகர்களைக் கொடுத்தது, பார்வையாளர்களைக் கொடுத்தது, அந்தக் குழு இருப்பதற்கான காரணத்தையே கொடுத்தது. அதற்கு ஈடாக அது கேட்டது ஒன்றே ஒன்று: எங்களை நல்லபடியாகக் காட்டு. ஸிங் இதைத் தர மறுத்தார்.

1909ல் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. ஷாவின் 'பிளாங்கோ பாஸ்நெட்' நாடகத்துக்கு இங்கிலாந்தில் தணிக்கை தடை விதித்திருந்தது. அந்தத் தணிக்கையாளரின் அதிகாரம் டப்ளினுக்கு எட்டாது. ஆபி அதைப் போடுவதாக அறிவித்ததும் டப்ளின் கோட்டையிலிருந்து உரிமத்தை ரத்து செய்வோம் என்ற மிரட்டல். லேடி கிரிகரியும் யேட்ஸும் பணியவில்லை. ஆகஸ்டில் நாடகம் நடந்தது, ஒன்றும் ஆகவில்லை. இரண்டு ஆண்டுக்கு முன் இவர்களைத் துரோகிகள் என்ற அதே தேசியவாதிகள் இப்போது கைதட்டினார்கள். இந்தக் கைதட்டலுக்கும் அந்த ஏச்சுக்கும் நாடகத்தின் தரத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

1910 மே 6ல் ஏழாம் எட்வர்டு அரசர் இறந்தார். மறுநாள் டப்ளின் நாடகசாலைகள் எல்லாம் மூடப்பட்டன. ஆபி மட்டும் மூடவில்லை. ஹார்னிமனுக்கு இது அரசியலாகப் பட்டது. மன்னிப்புக் கேட்கச் சொன்னார், கேட்ட மன்னிப்பு அவருக்குப் போதவில்லை, உதவி நின்றது. விவகாரம் மத்தியஸ்தத்துக்குப் போய், 'மான்செஸ்டர் கார்டியன்' ஆசிரியர் ஸி. பி. ஸ்காட் ஆபியின் பக்கம் தீர்ப்புச் சொன்னார். கட்டடத்தை ஆயிரம் பவுனுக்குக் குழுவே வாங்கிக்கொண்டது. சுதந்திரத்தின் பொன்னெழுத்து அத்தியாயம் என்று இதை எழுதுகிறவர்கள் உண்டு. நடந்தது வேறு. அன்று மேலாளராக இருந்த லெனாக்ஸ் ராபின்ஸன் என்ன செய்வதென்று கேட்டு லேடி கிரிகரிக்குத் தந்தி கொடுத்தார். மூடிவிடு என்றுதான் பதில். அந்தப் பதில் தாமதமாக வந்து சேர்ந்தது. அதற்குள் ஆட்டம் தொடங்கிவிட்டது. ஒரு தந்திச் சேவகனின் தாமதத்தில் ஆபி சுதந்திரம் பெற்றது என்று சொன்னால் அது முழுப் பொய்யாகாது. கொள்கை என்று பிற்பாடு நாம் பெயர் வைக்கிறவற்றில் பாதி இப்படி நடந்துவிட்ட காரியங்கள்தாம். நடந்துவிட்ட பின் அதிலிருந்து பின்வாங்காமல் இருந்தார்களே, அதுதான் அவர்களுடைய பங்கு.

3

அடுத்த பதினைந்து ஆண்டுகள் அமெரிக்கப் பயணங்கள், யுத்தம், எழுச்சி, உள்நாட்டுப் போர், கடன். 1923லும் 1924லும் ஸான் ஓ'கேஸியின் இரண்டு நாடகங்கள் வந்து மறுபடியும் கொட்டகையை நிரப்பின. முன்பு அனுப்பியவற்றைத் திருப்பி வாங்கிக்கொண்ட ஒரு கூலித் தொழிலாளி கடனில் மூழ்கிக்கொண்டிருந்த நாடகசாலையைத் தூக்கி நிறுத்தினார். ஆனால் ஒரு நாடகாசிரியரை நம்பிக் குடித்தனம் நடத்த முடியாது. யேட்ஸ் அப்போது செனட்டர்; நோபல் பரிசு வாங்கியவர். புதிய ஐரிஷ் அரசிடம் கேட்டார்கள். 1925ல் நிதியமைச்சர் எர்னஸ்ட் பிளைத் ஆண்டுக்கு 850 பவுன் மானியம் ஒதுக்கினார். ஆங்கிலம் பேசும் நாடுகளில் அரசு மானியம் பெற்ற முதல் நாடகசாலை ஆபி. மானியத்தோடு நிர்வாகக் குழுவில் அரசின் நியமன உறுப்பினர் ஒருவர் வந்தார்: ஜார்ஜ் ஓ'பிரையன், பொருளாதாரப் பேராசிரியர்.

அந்த ஆண்டு டிசம்பர் 27ல் இருபத்தோராம் பிறந்தநாள். யேட்ஸ், ஸிங், லேடி கிரிகரி மூவரின் ஓரங்க நாடகங்கள். ஸிங்கினுடையது 'பள்ளத்தாக்கின் நிழலில்'. 1903ல் ஆட்களை வெளியேறச் செய்த நாடகம் 1925ல் பிறந்தநாள் பலகாரம் ஆகிவிட்டது. ஸிங் இறந்து பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆண்டு விழாக்களின் இயல்பே இதுதான். ஒரு காலத்தில் கடித்ததைப் பல் பிடுங்கி மேடையில் உட்காரவைத்து மாலை போடுவது. யாருக்கும் உறுத்தாது. கொடுத்தவர்களும் சந்தோஷமாக வீட்டுக்குப் போகலாம்.

ஆனால் அந்த விழா நடந்த நாளில் அலுவலக மேஜையில் வேறொரு கையெழுத்துப் பிரதி இருந்தது. ஓ'கேஸியின் 'கலப்பையும் நட்சத்திரங்களும்'. செப்டம்பரிலேயே ஓ'பிரையன் அதைப் படித்துவிட்டு ஆட்சேபம் தெரிவித்திருந்தார். ஒரு காதல் காட்சி, இரண்டாம் அங்கத்தில் வருகிற ரோஸி ரெட்மண்ட் என்ற விலைமகள், அங்க முடிவில் அவள் பாடும் பாட்டு. அவர் கெட்டவர் இல்லை, மூடரும் இல்லை. நாடகசாலையின் நன்மைக்காகவே பேசினார். மானியத்தை எதிர்ப்பவர்களுக்கு நாமே ஆயுதம் எடுத்துக் கொடுக்கலாமா என்பது அவர் கவலை. உலகத்தில் கலைக்குத் தீங்கு செய்கிறவர்களில் பெரும்பாலோர் இந்தக் கவலை கொண்ட நல்ல மனிதர்கள்தான்.

யேட்ஸும் ராபின்ஸனும் அவருக்கு என்ன பதில் சொன்னார்கள் என்பதை நம் குழுக்கள் கவனிக்க வேண்டும். கலைஞனின் சுதந்திரம் புனிதமானது என்று அவர்கள் பிரசங்கம் செய்யவில்லை. காதல் காட்சி சரியாக இல்லை, அது மோசமான எழுத்து, அதைத் திருத்தச் சொல்லலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். பாட்டு போய்விட்டது. ஆனால் ரோஸியைத் தொட முடியாது. குடிகாரர்களும் ஊதாரிகளும் அந்த நாடகத்துக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு அவளும் தேவை என்றார்கள். ஓ'பிரையன் மேலும் அழுத்தியபோது, மானியமா சுதந்திரமா என்று வந்தால் மானியத்தை விட்டுவிடுவோம் என்று லேடி கிரிகரி தீர்மானமாகச் சொன்னார். வந்த முதல் ஆண்டிலேயே அதை விட்டுவிடத் தயாராக இருந்தார்கள்.

ஏன் ரோஸியைத் தொட முடியாது? இரண்டாம் அங்கம் ஒரு சாராயக் கடை. வெளியே பொதுக்கூட்டம். ஜன்னலில் பேச்சாளரின் நிழலுருவம் தெரிகிறது. அவர் பேச்சு கடைக்குள் வந்து விழுகிறது. ரத்தம் சிந்துவதன் புனிதத்தைப் பற்றிய பேச்சு. அந்த வாசகங்கள் 1916ல் சுட்டுக் கொல்லப்பட்ட பாட்ரிக் பியர்ஸின் பேச்சுக்களிலிருந்து எடுக்கப்பட்டவை. உள்ளே முதலில் நமக்குத் தெரிகிறவள் ரோஸி. இன்று வியாபாரம் இல்லை என்று அலுத்துக்கொள்கிறாள். ஆண்கள் எல்லோரும் பெரிய விஷயங்களைப் பற்றிய நினைப்பில் இருக்கிறார்கள். அவளைத் திரும்பிப் பார்ப்பதில்லை. வாடகை கொடுக்க வேண்டும். வெளியே வரலாறு பேசுகிறது, உள்ளே வாடகை பேசுகிறது. இரண்டு குரலும் ஒரே சமயத்தில் நம் காதில் விழவேண்டும் என்பதற்காகவே அந்த அங்கம் கட்டப்பட்டிருக்கிறது. அவளை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு பொதுக்கூட்டமும் சில குடிகாரர்களின் தமாஷும். அவள் இருந்தால்தான் ஜன்னலுக்கு வெளியே கேட்கிற சொற்களின் அழகும் பயங்கரமும் அளந்து பார்க்கக் கிடைக்கின்றன. ஓ'கேஸி அந்தப் பேச்சைக் கேலி செய்கிறார் என்பதைவிட, அந்தப் பேச்சு எந்தச் சுவரில் மோதுகிறது என்று காட்டுகிறார் என்பது சரியாக இருக்கும்.

ஆகவே ஓ'பிரையன் கேட்ட மூன்றும் ஒரே வகையானவை அல்ல. காதல் காட்சியைத் திருத்துவதில் நாடகத்துக்கு லாபம். பாட்டை விடுவதில் ஒரு சிறு நஷ்டம். ரோஸியை விடுவதில் நாடகமே நஷ்டம். இந்த மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தவர்களாக அவர்கள் இருந்ததால்தான் எங்கே விட்டுக்கொடுப்பது, எங்கே எழுந்து நிற்பது என்று தெரிந்திருந்தது. நம்மில் பலர் சமரசம் என்பதையே அசிங்கமான வார்த்தையாக நினைக்கிறோம். எதையும் விட்டுக்கொடுக்காதவன் எல்லாவற்றுக்கும் ஒரே எடை என்று நினைக்கிறான். எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கிறவனுக்கும் அதே நினைப்புத்தான். இருவருக்கும் பிரதியைப் படிக்கத் தெரியாது. சுதந்திரத்தைக் காப்பாற்ற வீரத்துக்கு முன்னால் விமர்சன புத்தி வேண்டியிருக்கிறது.

1926 பிப்ரவரி 8ல், பிறந்தநாளுக்கு ஆறு வாரம் கழித்து, நாடகம் மேடையேறியது. நான்காம் நாள் கலவரம். யேட்ஸ் மேடைக்கு வந்து, மறுபடியும் உங்களை நீங்களே இழிவுபடுத்திக்கொண்டீர்கள் என்று சபையைச் சாடினார். அந்தப் பேச்சு கூச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. அதன் வாசகத்தை அவர் முன்னதாகவே பத்திரிகை அலுவலகத்தில் கொடுத்திருந்தார். மகாகவியாக இருந்தாலும் விளம்பரம் தெரிந்த மகாகவி.

4

இத்தோடு நிறுத்தினால் இது வீரகாவியம் ஆகிவிடும். எதிர்த்தவர்களையும் ஒரு நிமிஷம் கேட்க வேண்டும். அன்று கூட்டத்தில் முன்னால் நின்றவர் ஹன்னா ஷீஹி ஸ்கெஃபிங்டன். 1916ல் இவருடைய கணவரை ஒரு பிரிட்டிஷ் அதிகாரி விசாரணையின்றிச் சுட வைத்தான். அவர் ஆயுதம் ஏந்தாதவர், சமாதானவாதி. தங்கள் ஆட்சேபம் ஒழுக்கத்தைப் பற்றியது அல்ல, தேசிய நாடகசாலை என்று பெயர் வைத்துக்கொண்டு தேசத்துக்காகச் செத்தவர்களைப் பரிகசிப்பதைப் பற்றியது என்று ஹன்னா எழுதினார். இதற்கு யேட்ஸின் கர்ஜனை பதிலாகாது. ஊரார் பணத்தில் நடக்கிற மேடை ஊராருக்கு என்ன கடன்பட்டிருக்கிறது என்பது நியாயமான கேள்வி. ஓ'கேஸியின் நாடகம்தான் அதற்குச் சரியான பதில்: செத்தவர்களில் ரோஸியின் தெருக்காரர்களும் உண்டு, அவர்களுக்கும் சேர்த்தே நான் கடன்பட்டிருக்கிறேன் என்ற பதில். முதல் மேடையேற்றத்தில் நடித்த ஆர்தர் ஷீல்ட்ஸ் 1916 எழுச்சியில் துப்பாக்கி ஏந்தியவர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பரிகாசம் என்ற குற்றச்சாட்டு அவ்வளவு எளிதில் நிற்காது.

இதே மேடையில் 1913 மே மாதம் தாகூரின் 'தபால் நிலையம்' நடந்தது. அந்த மாலை நிகழ்ச்சி பியர்ஸ் நடத்திவந்த பள்ளிக்கூடத்துக்கு நிதி திரட்டுவதற்காக. பியர்ஸின் நாடகம் ஒன்றை அவருடைய மாணவர்களே நடித்தார்கள். தானே கடன் வாங்கிப் பிழைத்த நாடகசாலை இன்னொருவருக்கு உண்டியல் ஏந்தியிருக்கிறது. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து அதே பியர்ஸின் வாசகங்களை ஒரு நிழலுருவத்தின் வாயில் வைத்தும் பார்த்திருக்கிறது. நன்றியும் நேர்மையும் ஒரே வீட்டில் குடியிருக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு விஷயம். சுதந்திரத்துக்கு விலை கொடுத்தவர்கள் யார்? லேடி கிரிகரிக்கு நிலம் இருந்தது. யேட்ஸ் 1910ல் பிரிட்டிஷ் அரசின் உதவித்தொகையை ஏற்றுக்கொண்டார். அது அவர் கவிதையை ஒன்றும் செய்துவிடவில்லை. மானியம் போனால் போகட்டும் என்று சொல்ல இவர்களால் முடியும். நடிகர்கள் அப்படிச் சொல்லக்கூடிய இடத்தில் இல்லை. கல்லெறி விழுவது அவர்கள் மேல். ஐலீன் க்ரோ என்ற நடிகை தன் வசனத்தில் ஒரு வரியைச் சொல்ல மறுத்தார்; அந்த வேடம் இன்னொருவருக்குப் போயிற்று. கலவரத்தின்போது மக்கார்மிக் என்ற நடிகர் முன்னால் வந்து, நாடகத்தையும் நடிகர்களையும் பிரித்துப் பாருங்கள் என்று சபையிடம் கேட்டுக்கொண்டார். இதைக் கோழைத்தனம் என்று சொல்லிவிடலாம். நிர்வாகக் குழுவின் சுதந்திரம் நடிகனின் கூலியில் எழுதப்பட்ட காசோலை என்பதையும் சொல்லவேண்டும். 'சுதந்திரமான' குழு என்று மார்தட்டுகிற எந்தக் குழுவிடமும் நடிகனுக்கு என்ன கொடுக்கிறாய் என்று முதலில் கேட்கலாம்.

பிற்கால வரலாற்றை விரைவாகப் பார்த்துவிடலாம். அதில் படிப்பினை அதிகம், நாடகம் குறைவு. 1928ல் ஓ'கேஸியின் 'ஸில்வர் டாஸி'யை ஆபி நிராகரித்தது. அரசு கேட்கவில்லை, ஜனங்கள் கேட்கவில்லை, தானாகவே. வெளியிலிருந்து வந்த எல்லா நிர்ப்பந்தங்களையும் தாங்கிய ரசனை, நிர்ப்பந்தம் இல்லாதபோது தவறியது. ஓ'கேஸியின் புது முயற்சியை யேட்ஸால் படிக்க முடியவில்லை. அந்த நஷ்டத்தை எந்த மானியமும் ஈடுகட்டவில்லை. 1941ல், 850 பவுன் கொடுத்த அதே எர்னஸ்ட் பிளைத் நிர்வாக இயக்குநராக வந்து 1967 வரை இருந்தார். ஐரிஷ் மொழி தெரிந்த நடிகர்களே வேண்டும் என்றார். கணக்கைச் சரியாக வைத்துக்கொண்டார். 1951ல் கொட்டகை எரிந்து, குவீன்ஸ் தியேட்டரில் பதினைந்து ஆண்டு ஒண்டுக்குடித்தனம். பெரிய அரங்கு, அதை நிரப்ப நெடுநாள் ஓடக்கூடிய நகைச்சுவைகள். தணிக்கை செய்யவேண்டிய அவசியமே யாருக்கும் ஏற்படவில்லை.

2004ல் நூற்றாண்டு விழா. ஆண்டு முழுவதும் பெரிய நிகழ்ச்சிகள். முடிவில் பெரும் பற்றாக்குறை, ஆள்குறைப்பு அறிவிப்பு. பற்றாக்குறை முதலில் சொன்னதைவிடப் பெரியது என்று தெரியவந்தபின் 2005ல் கலை இயக்குநர் விலகினார். அடுத்தது 2016. எழுச்சியின் நூற்றாண்டையொட்டி 'தேசத்தை எழுப்புதல்' என்று பெயரிட்டு ஒரு பருவத்தை 2015 அக்டோபரில் அறிவித்தார்கள். பத்து நாடகங்கள்; அவற்றில் பெண் எழுதியது ஒன்று. அந்த ஒன்றும் ஓ'கேஸியின் நாடகத்தில் காசநோயால் சாகிற மோல்ஸர் என்ற சிறுமியை வைத்து இளம் பார்வையாளர்களுக்காக எழுதப்பட்ட ஓராள் நாடகம். லேடி கிரிகரி கட்டிய வீடு அது. உரிமம் அவர் பெயரில்தான் இருந்தது. நாடகத்துறைப் பெண்கள் நவம்பரில் அந்தக் கொட்டகையையே நிரப்பிக் கேள்வி கேட்டார்கள். தேசத்தை எழுப்ப வந்தவர்களை அவர்கள் எழுப்பினார்கள். ஆபியின் ஆண்டு விழாக்களில் உண்மையாகவே ஒன்று நடந்தது இந்த ஒரு தடவைதான் என்று சொல்லத் தோன்றுகிறது. அது நிகழ்ச்சி நிரலில் இல்லை.

5

நம் பக்கம் திரும்பினால், 1977ல் கூத்துப்பட்டறை, 1978ல் பரீக்ஷாவும் நிஜ நாடக இயக்கமும் தொடங்கியபோது அவற்றில் இருந்தவர்களும் பகலில் வேறு வேலை பார்த்தவர்கள்தான். கூத்துப்பட்டறைக்கு ஃபோர்டு ஃபௌண்டேஷன் நிதி வந்தபோது எழுந்த சர்ச்சை பெரும்பாலும் அந்நியப் பணம் கறைபட்டதா இல்லையா என்பதோடு நின்றுவிட்டது. பணத்தின் ஜாதகத்தைப் பார்த்தோம். மேடையில் என்ன மாறியது என்று வரி வரியாக யாரும் எழுதிக் காட்டவில்லை. சங்கீத நாடக அகாதமி 1984 முதல் பத்தாண்டுகள் இளம் இயக்குநர்களுக்கு உதவி கொடுத்தது. மரபு வடிவங்கள் இருந்தால் கௌரவம் என்ற ரசனை அதன் பின்னால் இருந்தது. யாரும் யாரையும் மிரட்டவில்லை. கூத்தின் அடவு எதற்கு வருகிறது என்று தெரியாத நாடகங்களிலும் அடவுகள் வந்தன. இங்கே ஓ'பிரையன் யாரும் கடிதம் எழுதத் தேவைப்படவில்லை. எழுதாத கடிதத்துக்குப் பதில் மேடையிலேயே தயாராக இருந்தது.

கடிதம் வருகிற இடத்தில் பிழைக்கலாம். வராத இடத்தில்தான் ஆபத்து. வந்த கடிதத்தைப் பிரித்து, இது நியாயம், இது பரவாயில்லை, இது முடியாது என்று மூன்றாகப் பிரிக்க முடிகிறது. வராத கடிதத்தை நாமே நமக்குள் எழுதி நாமே கையெழுத்திட்டுவிடுகிறோம்.

ஆண்டு மலரின் கடைசிப் பக்கத்தில் ஆதரவு கேட்கிற குழு அதற்கு முந்தின பக்கத்தில் ஒன்றை எழுதலாம். இத்தனை ஆண்டில் எங்களிடம் இன்னது கேட்டார்கள். இதைக் கொடுத்தோம், ஏனென்றால் நாடகம் அதனால் கெடவில்லை. இதை மறுத்தோம், ஏனென்றால் அது போனால் நாடகம் இல்லை. அதற்காக இன்னது இழந்தோம். இழந்ததில் நடிகர்களின் பங்கு இவ்வளவு. வாழ்த்துச் செய்திகளை எடுத்துவிட்டால் இதற்கு இடம் கிடைக்கும். இப்படி ஒரு பக்கம் எழுத முடிகிற குழுவுக்கு என் சம்பளத்திலிருந்து கொடுக்கத் தயங்கமாட்டேன். எழுத ஒன்றுமில்லாத குழு, யாரும் எதையும் கேட்கவில்லை, நாங்கள் சுதந்திரமாகவே இருந்தோம் என்று சொல்லுமானால், அந்தக் குழுவின் நாடகங்களை முதலில் பார்த்துவிட்டுத்தான் பையில் கைவைக்க வேண்டும்.